வீட்டு வாக்கியம்

அந்த ஹோட்டலின் லாண்டரியில் அவளை மடிப்பக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இரட்டைக் கட்டில் ஷீட்டை அவள் மடித்து வைத்தால் நான்கு முனையும் நூல் பிடித்த மாதிரி நிற்கும். நாளைக்கு நானூறு ஷீட், பதினொரு வருடம். மடிப்பில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. மணிக்கட்டுதான் போய்விட்டது. காலையில் பல் துலக்க பிரஷ்ஷைப் பிடித்தாலே வலது கை அய்யோ என்று கத்தும்.

மேல் தளத்தில் துணி கவுண்டர் ஒன்று இருந்தது. அறைகளில் தங்கியிருப்பவர்கள் போன் செய்து துண்டு கேட்பார்கள், தலையணை கேட்பார்கள், காபி கொட்டிவிட்டது ஷீட்டை மாற்று என்பார்கள். எழுதிக்கொண்டு ஆளனுப்ப வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. உலகத்தில் அப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்று, ட்ராலி தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் மடிப்பக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்வாள். அங்கே இருந்த அம்மாள் வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், ஹோட்டல் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பில் தேறுகிறவருக்கு அந்த இடம் என்று மேலாளர் சொன்ன அன்றே பெயர் கொடுத்துவிட்டாள்.

வகுப்பு வாரம் இரண்டு நாள், நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும், ஊழியர்கள் சாப்பிடும் அறையில். ஹோட்டல்காரர்கள் வாத்தியார் பிடித்த அழகைச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவரிடம் இருந்த ஒரே இங்கிலீஷ் புத்தகம் அவருடைய அறிவியல் புத்தகம்தான். “எதை வச்சுக் கத்துக்கிட்டா என்ன, வார்த்தை வார்த்தைதான்” என்று சொல்லி முதல் நாளே தவளையை அறுத்துவிட்டார், படத்தில். விருந்தினருக்கு வணக்கம் சொல்வது எப்படி என்று கற்க வந்த கூட்டம், தவளையின் ஈரல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து அவர் தவளை சார்.

தவளை சாரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. புது வார்த்தை ஒவ்வொன்றையும் வைத்துத் தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டும். உண்மைதான் என்று வீட்டில் ஒருவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஆரம்பத்தில் இந்தக் கையெழுத்தெல்லாம் கிடையாது. வாசல் காவலாளியின் நோட்டைப் பார்த்து மொத்த வகுப்பும் காப்பியடித்ததில், சமையற்கட்டில் காய் நறுக்குகிற பெண்ணின் நோட்டிலும் ‘என் மனைவி குறட்டை விடுவாள்’ என்று வந்துவிட்டது. அதற்கப்புறம் போட்ட சட்டம் இது.

“கையெழுத்து இல்லாத வாக்கியம் பொய் வாக்கியம். அம்பதுல ஒண்ணு குறைஞ்சாலும் சர்டிஃபிகேட் கிடையாது” என்று சொல்லிவிட்டார்.

மடிப்பக்காவின் நோட்டில் நாற்பத்தைந்து வாக்கியம் முடிந்திருந்தது. நாற்பத்தைந்தின் கீழும் அவள் கணவரின் கையெழுத்து. அவர் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் எழுத்தர். இங்கிலீஷில் கடிதம் வரும், இங்கிலீஷில் பதில் போகும். வீட்டில் அந்த மொழி அவருக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. இந்த வயசுல உனக்கு இது தேவையா என்று கேட்டுக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுப்பார். நாலு இடத்தில் திருத்துவார். அப்புறம் கீழே வால் நீட்டி, அடியில் இரண்டு கோடு இழுத்து, கப்பலே அந்தக் கையெழுத்தில்தான் கிளம்பப்போகிறது என்பதுபோலப் போட்டுக் கொடுப்பார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. சம்பளத்தை வீட்டில் கொடுப்பவர், குரலை உயர்த்தாதவர்.

அன்றைக்கு வியாழக்கிழமை, கடைசிப் பாடம். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு என்னென்ன வருகிறது என்பதுதான் பாடம். தவளை சார் பலகையில் ஐந்து வார்த்தை எழுதினார். இன்ஹெரிட், ட்ரெய்ட், ஜீன், ரிசெஸிவ், கேரியர். மடிப்பக்காவுக்குக் கண் சொருகியது. காலையில் இரண்டு கல்யாண கோஷ்டி அறைகளைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. அறுநூறு ஷீட்டுக்கு மேல் மடித்திருந்தாள். பேனாவை இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள், எழுத்து சரிந்து விழுந்தது, மறுபடி வலது கைக்கே மாற்றிக்கொண்டாள்.

“இன்ஹெரிட்னா அப்பா அம்மாகிட்டேயிருந்து நமக்கு வர்றது” என்றார் சார்.

வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே காவலாளி எழுந்தார். “அப்பாகிட்டேயிருந்து வீடு வரும்னு பாத்தேன் சார். மண்டைதான் வந்துச்சு.”

வகுப்பு சிரித்தது. காய் நறுக்குகிற பெண் தன் பங்குக்கு, “கேரியர்னா மத்தியானச் சாப்பாடு கொண்டு வர்றதுதானே சார்?” என்றாள்.

“தூக்கிட்டு வர்றது எல்லாமே கேரியர்தான்மா. ஆனா இங்க வேற” என்று சார் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் போட்டார். சதுரம் அப்பா, வட்டம் அம்மா. இரண்டிலும் பாதி பாதிக்குச் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினார். “சில ரத்த நோய் இருக்கு. அதோட ஜீன் ஒருத்தர் உடம்புல ஒண்ணே ஒண்ணு இருந்தா அவருக்கு ஒண்ணும் ஆகாது. நல்லா ஓடியாடி வேலை செய்வார். இருக்கறதே தெரியாது. அவர்தான் கேரியர். அப்பாவும் கேரியர், அம்மாவும் கேரியர், ரெண்டு பேரும் பிள்ளைக்கு அதையே குடுத்துட்டா, அந்தப் பிள்ளைக்கு நோய் வரும். நாலுல ஒரு பங்கு வாய்ப்பு.”

மடிப்பக்காவின் தூக்கம் போய்விட்டது. ஆனால் அவள் நிமிரவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா மட்டும் கேரியரா இருந்தா சார்?”

“நோய் வராது. பிள்ளையும் ஒரு கேரியர் ஆகலாம், அவ்வளவுதான்.”

“அம்மா வீட்டு வழியா மட்டும் வந்தா?”

“அதேதான்மா நான் சொன்னது. ஒருத்தர் மட்டும்னா வராது.”

“அம்மாவுக்கு ரொம்ப இருந்தா?”

தவளை சாருக்கு அலுப்பு வந்துவிட்டது. ஆறு வகுப்பு நடத்திவிட்டு வந்திருந்த மனிதர். சதுரத்தையும் வட்டத்தையும் சாக்பீஸால் மாறி மாறித் தட்டினார். “ரெண்டு பேரும் வேணும்மா. இவரும் வேணும், இவங்களும் வேணும். போத். ரெண்டாவது வாரமே படிச்ச வார்த்தை. போத் பேரண்ட்ஸ். புரிஞ்சுதா?”

புரிந்தது என்று தலையாட்டினாள். காவலாளி திரும்பிப் பார்த்து, “என்னக்கா, டாக்டருக்குப் படிக்கப் போறீங்களா?” என்றார். அதற்கும் தலையாட்டினாள்.

அவளுக்கு ஒரே பெண். பத்து வயது. பதினொரு மாதக் குழந்தையாக இருக்கும்போதே தலசீமியா என்று சொல்லிவிட்டார்கள். உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே சரியாகச் செய்துகொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டும். அன்றைக்குப் பெரிய டாக்டர் இங்கிலீஷில் பேசினார். கணவர் குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டார். இரண்டு கேள்வி கேட்டார், அதுவும் இங்கிலீஷில். வெளியே வராந்தாவில் அவருடைய அம்மா காத்திருந்தார். என்னவாம் என்று அம்மா கேட்க, அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, “இவ வீட்டு வழியா வந்ததாம்” என்றார். மடிப்பக்காவுக்கும் விஷயம் அங்கே, அந்த வராந்தாவில்தான் தெரிந்தது.

மாமியார் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தாழ்ந்த குரலில், “எங்க பக்கம் அப்படி யாருக்கும் கிடையாது” என்பார். சாகும்வரை அதைத்தான் சொன்னார். மடிப்பக்கா காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி பாத்திரத்தைத் தேய்ப்பாள்.

அதெல்லாம்கூடப் போகட்டும். அவள் அன்றைக்குச் சாயங்காலம் தன் அப்பாவுக்குப் போன் செய்தாள். “என்ன ரத்தத்தைப்பா எனக்குக் குடுத்தீங்க?” என்று கேட்டாள். அவர், “மன்னிச்சுடும்மா, தெரியாமப் பண்ணிட்டேன்” என்றார். அதற்கப்புறம் அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வருடத்தில் அப்பா போய்விட்டார். காரியத்துக்குப் போனவள் தம்பியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினாள். அவ்வளவுதான் தொடர்பு.

இத்தனை வருடத்தில் ஆஸ்பத்திரியில் ஒருவராவது சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? தீர்ப்பு வாங்கின ஆள் வேலை மெனக்கெட்டுப் போய், இன்னொரு தடவை படியுங்கள் என்று கேட்பதுண்டா? அங்கே நர்ஸுகள் தேதி சொல்வார்கள், அளவு சொல்வார்கள், அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் வைத்த நீலக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவள் மட்டும்தான் போவாள். கணவர் வருகிறேன் என்று சொன்னதில்லை, அவளும் கூப்பிட்டதில்லை. தன் வீட்டு வழியாக வந்தது, தான்தானே தூக்க வேண்டும் என்று இருந்தாள்.

அன்றைக்கு வகுப்பு முடிந்து ஏறின பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார மறந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றின கையோடு அலமாரிக்கு மேலிருந்து நீலக் கோப்பை இறக்கினாள். கூடத்துத் தரையில் பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சனிக்கிழமை நாளைக்கு மறுநாள்தானேம்மா? இப்ப எதுக்கு எடுக்கறீங்க?”

“சும்மா பாக்கறேன். நீ போடு.”

முதல் தாள் மஞ்சளாகிவிட்டது. நூற்றைம்பது தடவைக்கு மேல் அந்தத் தாளைக் கவுண்டரில் நீட்டியிருக்கிறாள். மேலே ஆஸ்பத்திரி முத்திரை, கீழே டாக்டர் கிறுக்கல் என்பதற்குமேல் அதில் எதையும் பார்த்ததில்லை. இப்போது விரல் வைத்துப் பார்த்தாள். முக்கால்வாசி பிடிபடவில்லை. நீளநீளமான மருந்து வார்த்தைகள். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. போத். அது தெரியும். பேரண்ட்ஸ். தெரியும். ஆர். அடுத்தது இன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுபடி முதலிலிருந்து படித்தாள். மூன்றாவது தடவையும் அதுவேதான் இருந்தது. ஒன்பது வருடமாக அவள் அக்குளிலேயே இருந்திருக்கிறது.

அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு பெரிய அசதி வந்து உட்கார்ந்தது. ஊசி நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இரண்டு பேர் கையிலும்தான் ரத்தம் எடுத்தார்கள். எனக்கெதுக்கு எடுத்தாங்க தெரியுமா, சும்மா ஒப்பிட்டுப் பாக்க என்று அவர் சொன்னதும், வராந்தாவில் அந்தச் சட்டைக் கையைத்தான் இறக்கிவிட்டுக்கொண்டார் என்பதும் சேர்ந்தே வந்தன. எழுந்து உலை வைத்தாள். உலை கொதிப்பதற்குள் நோட்டை எடுத்து ஐந்து வாக்கியத்தையும் எழுதி முடித்தாள்.

கணவர் ஆறரைக்கு வந்தார். முகம் கழுவி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேசை முன்னால் உட்கார்ந்தார். அவள் நோட்டையும் சிவப்புப் பேனாவையும் வைத்தாள்.

“கடைசி அஞ்சா? ஒரு வழியா முடிச்சுட்டே” என்றார். நல்ல மனநிலையில்தான் இருந்தார். முதல் வாக்கியம், பெண்ணுக்கு அவர் மூக்கு வந்திருப்பது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் ஓர் எழுத்தைத் திருத்தி, இரண்டு கோடு இழுத்தார். ஐந்தாவதற்கு வந்தார்.

போத் பேரண்ட்ஸ் ஆர் கேரியர்ஸ்.

முகத்தில் ஈயாடவில்லை. பேனா நின்றது. திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.

“இது யார் எழுதிக் குடுத்தது?”

“டாக்டர்” என்றாள். நீலக் கோப்பின் முதல் தாளை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “அஞ்சாவது வரி. பாத்து எழுதினேன். தப்பு இருக்கா?”

அவர் தாளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். “வேற வாக்கியம் எழுது. இதெல்லாம் போய் வாத்தியார்கிட்ட...”

“உண்மையா இருக்கணும், அதான் சட்டம். உண்மைதானே?”

கூடத்தில் பெண் பென்சிலை நிறுத்திவிட்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார். “அம்மா வெளில உக்காந்திருந்தாங்க. என் வழியாவும்தான்னு சொன்னா தாங்க மாட்டாங்கன்னு தோணுச்சு. அந்த நேரத்துக்குச் சொன்னதுதான். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீயும் ஒண்ணும் கேக்கல. நாள் போயிடுச்சு.”

“உங்க அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“எங்க அப்பா மன்னிப்புக் கேட்டாருங்க” என்றாள். “தெரியாமப் பண்ணிட்டேன்னு சொன்னார். தெரிஞ்சே பண்ணின நீங்க கையெழுத்து மட்டும்தான் போடணும். பாதி என்னோடதுதான், நான் இல்லேங்கல. என் பாதியை நான் தூக்கறேன். உங்க பாதியையும் சேத்து ஒன்பது வருஷம் எதுக்குத் தூக்கினேன்?”

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் போட அவளிடம் தெம்பில்லை. அவர் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை, பெண்தான் ஓடிப்போய் அணைத்தாள். பிறகு அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். வால் இல்லை, கோடு இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன் போட்ட மாதிரி சின்னதாக இருந்தது.

அவள் நோட்டை மூடிவிட்டு அவருடைய போனை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

“தம்பிக்குப் போடுங்க.”

“என்னன்னு சொல்றது?”

“அன்னைக்கு டாக்டர் சொன்னதைச் சொல்லுங்க. தமிழ்ல.”

மணி மூன்று தரம் அடிப்பதற்குள் தம்பி எடுத்தான். இந்த எண்ணிலிருந்து ஏழு வருடமாக ஒரு போன் போனதில்லை. எடுத்த எடுப்பில், “மாமா, அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?” என்றான். அது வெளியே கேட்டது. அவர் நிறுத்தி நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னார். குழந்தைக்கு நோய் இரண்டு பேர் வழியாகவும் வந்தது என்றும், டாக்டர் அன்றைக்கே அப்படித்தான் சொன்னார் என்றும், தான்தான் மாற்றிச் சொன்னது என்றும் சொன்னார். இங்கிலீஷ் கடிதத்தைத் தமிழில் சொல்லும்போது வழக்கமாக அவர் குரலில் வருகிற மிடுக்கு வரவில்லை. தம்பி, அக்காகிட்ட குடுங்க என்று மட்டும் சொன்னான்.

“அக்கா.”

“ம்.”

“அப்பா போறதுக்கு முன்னாடி நாள்கூடக் கேட்டாருக்கா, அவ கோவம் தீந்துச்சாடான்னு.”

“நீ என்ன சொன்னே?”

“தீந்துடுச்சுன்னு பொய் சொன்னேன்.”

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மணிக்கட்டு வலித்தது. “நல்லது பண்ணினேடா” என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கோப்பை ஒழுங்காக அடுக்கி, கயிற்றைக் கட்டி, கணவரின் அலுவலகப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சனிக்கிழமை நீங்க கூட்டிட்டுப் போங்க.”

“நானா? எந்தக் கவுண்டர், எங்க போகணும்னே எனக்குத் தெரியாதே?”

“எல்லாம் இங்கிலீஷ்லதான் எழுதியிருக்கும். படிச்சுக்குங்க.”

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். நீலக் கோப்பை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அவர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே படியிறங்கினார். “அக்குள்ல வச்சுக்கணும்ப்பா” என்று பெண் சொல்லிக்கொடுப்பது கேட்டது. மடிப்பக்கா கதவைச் சாத்தினாள். பாத்திரம் கிடந்தது, துணி கிடந்தது. எதையும் தொடாமல் கட்டிலில் போய்ப் படுத்தாள். சனிக்கிழமை காலையில் முதுகு நிமிரப் படுத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள்.

“நீங்க மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாம்ப்பா” என்று சொன்னாள், வாய்விட்டு. “நான்தான் கேக்கணும்.” அப்புறம் புரண்டு படுத்து, மதியம்வரை தூங்கினாள்.